கரண்ட் போனால் சோலாரும் நிற்கும்

கேள்வி: கருங்கல் பக்கம் எங்கள் வீடு, கான்கிரீட் மாடி. இரண்டு மாதத்துக்கு 620 யூனிட் வருகிறது. கார்பனைக் குறைக்க வேண்டும், சோலார் போடு என்கிறாள் மகள். வீட்டுக்கு வந்த ஏஜென்ட், "5 கிலோவாட் போட்டால் பில்லும் வராது, கரண்ட் கட்டும் தெரியாது, மானியத்தை நானே வாங்கித் தருகிறேன்" என்று 50,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்கிறார். இணைப்பு, காலமான மாமனார் பெயரில் இருக்கிறது. நம்பலாமா?

பதில்: சோலார் போடுங்கள். அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு 5 கிலோவாட் எதற்கு? ஒரு கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். பகலில் மிஞ்சுவது லைனுக்குப் போய், இரவில் நீங்கள் எடுப்பதில் கழியும். 620-இல் மீதி 140தான். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் பாதிகூட வராத நாட்கள் உண்டு. (அந்த நேரத்தில்தான் ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் வெறி பிடித்துச் சுற்றும்.) மகளிடம் சொல்லுங்கள்: நம் நாட்டு மின்சாரம் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அந்தக் கணக்கில் வருடத்துக்கு ஏறத்தாழ 2 டன் குறையும்.

மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். அதற்கு மேல் 5 போட்டாலும் 10 போட்டாலும் அதே 78,000தான். ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார், பெரிதாக விற்றால்தான் அவருக்கு லாபம். மானியம் வேலை முடிந்து, சோதனையும் முடிந்த பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கு நேரே வரும். நடுவில் ஒருவர் வாங்கித் தர அதில் ஒன்றுமில்லை. திட்டத்தின் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்து, அங்குள்ள பட்டியலில் இருந்து நிறுவனத்தைப் பிடியுங்கள். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள். இந்தியாவில் தயாரான செல் உள்ள பேனல் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள், வேறு பேனலுக்கு மானியம் கிடையாது.

இனி உங்கள் உண்மையான சிக்கல், மாமனார் பெயர். கரண்ட் பில்லில் இருக்கும் பெயரும் விண்ணப்பிப்பவர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "அது பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீர்கள். பேனல் மாடியில் ஏறிய பிறகு மானியம் நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும். இறப்புச் சான்றிதழ், தாலுகாவில் வாங்கும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் சேர்த்துப் பெயர் மாற்றுங்கள். கணவரின் அண்ணன் தம்பிகள் வளைகுடாவில் இருந்தால், அவர்கள் விடுமுறைக்கு வரும்போதே கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. வீடு உங்களுடையது, வரி நீங்கள் கட்டுகிறீர்கள், பில்லும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள். ஆனாலும் இறந்தவர்தான் நுகர்வோர்! கார்பனைக் குறை என்று விளம்பரம் செய்கிறவர்கள் இந்தக் காகித ஓட்டத்தையும் கொஞ்சம் குறைத்தால் என்ன?

பெயர் மாறும்வரை ஒரு வேலை இருக்கிறது. காலை 9 முதல் மாலை 3 வரை மாடியில் தென்னை நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பேனல்களைத் தொடராக இணைப்பார்கள். ஒன்றின் மேல் ஓலை நிழல் விழுந்தால், குழாயை ஓரிடத்தில் நசுக்கியதுபோல மற்றவையும் குறையும். மரத்தை வெட்ட வேண்டாம், பேனலைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

ஏஜென்ட் சொன்ன கரண்ட் கட் விஷயம் சுத்தப் பொய். பேட்டரி இல்லாத சாதாரண சோலார், லைனில் மின்சாரம் போனதும் நடுப்பகலிலும் தானாகவே நின்றுவிடும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு உங்கள் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாதே என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். பேட்டரியோடு போடலாம், ஆனால் செலவு எகிறும். வீட்டில் பழைய இன்வர்ட்டர் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், கரண்ட் கட்டுக்கு அதுதான் உதவும்.