பேபி ஷெர்லி சம்பாதிச்ச பணம் எங்க போச்சு?

கேள்வி: சார், ஒரு பழைய கறுப்பு வெள்ளை படத்துல சுருட்டை முடியோட ஒரு குட்டிப் பாப்பா, வயசான கறுப்பின டான்ஸர் ஒருத்தர் கையப் புடிச்சுக்கிட்டு மாடிப்படில ஆடுற காட்சி பாத்தேன். பேரு ஷெர்லி டெம்பிளாம். அவ்ளோ பெரிய ஸ்டார்னா நிறைய சொத்து சேத்திருப்பாங்களே, பெரியவங்களானதும் என்ன ஆனாங்க?

பதில்: நீங்க பாத்தது 1935ல வந்த 'தி லிட்டில் கர்னல்'மா, கூட ஆடுறவர் பில் ராபின்சன். எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

ஷெர்லி பொறந்தது 1928 ஏப்ரல் 23, கலிஃபோர்னியாவுல சான்ட்டா மோனிகா. அப்பாவுக்கு பேங்க்ல வேலை. மூணு வயசுல அம்மா டான்ஸ் கிளாஸ்ல சேத்துவிட அங்கேர்ந்தே குட்டிக் குட்டிப் படங்களுக்கு எடுத்துக்கிட்டாங்க. அந்த ஷூட்டிங்ல சொன்ன பேச்சு கேக்கலன்னா குழந்தைங்கள ஒரு இருட்டுப் பெட்டிக்குள்ள தள்ளிக் கதவ சாத்திருவாங்களாம், உள்ள உக்கார ஒரு பெரிய ஐஸ் கட்டி மட்டும்தான் இருக்குமாம். இத அவங்களே 1988ல வந்த சுயசரிதைல எழுதியிருக்காங்க. மூணு வயசுப் புள்ளைங்கம்மா அதுங்க! படிச்சன்னிக்கு எனக்கு சோறே எறங்கல.

1934ல ஃபாக்ஸ் ஸ்டூடியோ படங்கள்ல வந்ததும் அப்படியே மேல போயிட்டாங்க. 1935லேர்ந்து 1938 வரைக்கும் நாலு வருஷம் தொடர்ந்து அமெரிக்க பாக்ஸ் ஆபீஸ்ல நம்பர் ஒன், அதுவும் பெரிய பெரிய ஹீரோக்களையெல்லாம் பின்னால தள்ளிட்டு. நாடே வேலையில்லாம கெடந்த நேரம், காசு குடுத்து ஜனங்க இந்தப் பாப்பா சிரிப்பப் பாக்கப் போனாங்க. தினம் ராத்திரி அம்மா உக்காந்து தலைல எண்ணி 56 சுருள் சுத்திவிடுவாங்களாம், ஒண்ணு கூடாது ஒண்ணு குறையாது. பொம்மை, கவுன்னு அவங்க பேர்ல விக்காத சாமான் இல்ல. ஸ்டூடியோக்காரங்க வயசுல ஒரு வருஷத்த வேற குறைச்சு வெச்சிருந்தாங்க, பன்னெண்டாவது பர்த்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்த பொண்ணுக்கு அன்னிக்குத்தான் உனக்கு பதிமூணுன்னு சொல்லியிருக்காங்க.

இப்ப நீங்க கேட்ட பணத்துக்கு வர்றேன். 1950ல, 22 வயசுல, நடிச்சது போதும்னு முடிவு பண்ற சமயத்துல கணக்க எடுத்துப் பாக்குறாங்க. அதுவரைக்கும் சம்பாதிச்சது சுமார் 32 லட்சம் டாலர், அந்தக் காலத்து டாலர். அவங்க பேர்ல பணத்தப் போட்டு வெக்குறதுக்குன்னு இருந்த ட்ரஸ்ட்ல மிச்சம் இருந்தது சுமார் 44 ஆயிரம். அவ்ளோதான். நூறு ரூபாய்க்கு ஒண்ணரை ரூபா கூட தேறல. கணக்கு வழக்கெல்லாம் பாத்தது பெத்த அப்பாதான், ட்ரஸ்ட்ல போட்டே ஆகணும்னு இருந்த பணத்தப் போடாமலே விட்டிருக்கார், வீட்டுச் செலவு, வேலையாளுங்க, சொந்தபந்தம், சரியா போகாத முதலீடுன்னு எல்லாம் கரைஞ்சிருக்கு. அவர் கெட்டவர்னு நான் சொல்லல. ஆனா குழந்தை வேர்வைல வந்த காச குடும்பத்துக் காசுன்னு நெனச்சுட்டார் பாருங்க, தப்பு அங்கதான்.

கேள்வி: அப்பா மேல கேஸ் போடலயா?

பதில்: போடல. ஏமாற்றமோ கோவமோ வரலன்னு எழுதியிருக்காங்க, என்னால அது முடிஞ்சிருக்காது. அவங்களுக்கு முன்னால ஜாக்கி கூகன்னு ஒரு பையன், 1921ல சாப்ளினோட 'தி கிட்' படத்துல அழுது ஊரையே அழ வெச்சவர், 1938ல அம்மா மேலயும் மாற்றாந்தகப்பன் மேலயும் கேஸ் போட்டார், பல லட்சம் டாலர் சம்பாதிச்சவர் கைக்கு வந்தது ஒரு லட்சத்து சொச்சம்தான். அதனாலதான் 1939ல கலிஃபோர்னியாவுல கூகன் சட்டமே வந்துச்சு, இப்ப அங்க குழந்தை சம்பளத்துல 15 சதவீதம் தனி அக்கவுண்ட்ல போட்டாகணும்.

ஷெர்லி அத்தோட உக்காந்துடல. 1958ல டிவில கதை சொல்ற நிகழ்ச்சி, 1967ல எலக்ஷன்ல நின்னு தோல்வி, 1969ல ஐ.நா. பிரதிநிதி, 1974ல கானாவுக்குத் தூதர், 1989ல செக்கோஸ்லோவாக்கியாவுக்குத் தூதர். நடுவுல 1972ல மார்பகப் புற்றுநோய் வந்தப்ப, வாய் தொறந்து சொல்லவே பொம்பளைங்க கூச்சப்பட்ட காலத்துல எல்லார் முன்னாடியும் சொல்லி, கட்டி இருந்தா பயந்து வீட்டுல இருக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. 2014ல 85 வயசுல காலமானாங்க. சொத்து இத்தனை கோடின்னு நெட்ல போடுற நம்பர நம்பாதீங்க, எங்கேர்ந்து எடுத்தாங்கன்னு ஒருத்தரும் சொல்றதில்ல.

கேள்வி: என் பொண்ணுக்கு ஆறு வயசு, ஒரு சீரியல்ல கேக்குறாங்க. அனுப்பலாமா?

பதில்: அவளுக்கு ஆசை இருந்தா மட்டும் அனுப்புங்கம்மா, இஷ்டம் இல்லாத குழந்தைய நடிக்க வெக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டு ரூல்லயே இருக்கு. 2017 விதிப்படி ஷூட்டிங்குக்கு கம்பெனிக்காரங்க கலெக்டர் பர்மிஷன் வாங்கணும், ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல கூடாது, தொடர்ந்து மூணு மணி நேரத்துக்கு மேல ரெஸ்ட் இல்லாம வேலை வாங்கக் கூடாது. சம்பளத்துல குறைஞ்சது 20 சதவீதம் அவ பேர்லயே தேசிய வங்கி எஃப்.டி.ல நேரா விழணும், மேஜர் ஆனதும் அவளுக்கு. 20ங்குறது கம்மிதான், என்னக் கேட்டா ஷூட்டிங் போக வர ஆகுற செலவு போக மீதி மொத்தத்தையும் அதுலயே போடுங்க. அக்ரிமென்ட்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே பேங்க்குக்குப் போய் அக்கவுண்ட ஆரம்பிச்சிடுங்க, போறப்ப அவளையும் கூட்டிட்டுப் போங்க, பாஸ்புக்ல அவ பேரு இருக்குறத அவளே படிக்கட்டும்.