அரை நாளில் பாலைவனம் பார்க்க முடியுமா?

ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை நெருங்குகிறது, அதனால் இந்த முறை வந்த கேள்விகளில் பாதி மணலைப் பற்றித்தான். மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: அக்கா, டிசம்பரில் லண்டனில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் போகிறோம். வழியில் துபாயில் இரண்டு இரவு தங்குகிறோம். நான், கணவர், 9 வயது மகள், 4 வயது மகன், அப்புறம் முழங்கால் வலியுள்ள 68 வயது மாமியார். எங்கே தேடினாலும் மதியம் மூன்று மணிக்குக் கிளம்பி இரவு ஒன்பதுக்குத் திரும்பும் டெசர்ட் சஃபாரிதான் வருகிறது. போகலாமா, இல்லை காசு வீணா?
– ஈசூன் வாசகி

போகலாம். ஆனால் மாலைப் பயணத்தை விட்டுவிட்டு விடியற்காலைப் பயணமாகக் கேட்டு வாங்குங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். துபாய் நேரம் நம் சிங்கப்பூரைவிட நான்கு மணி நேரம் பின்னால். இரவு எட்டு மணிக்கு முகாமில் சாப்பாடு போடும்போது உங்கள் மகனின் உடம்புக்கு நள்ளிரவு 12. விளக்கு வைத்த பாவாடையைச் சுழற்றிக்கொண்டு தனூரா ஆட்டக்காரர் வரும் நேரத்தில் அவன் உங்கள் தோளில் தூங்கிக்கொண்டிருப்பான், நீங்கள் ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஆறிப்போன கபாபைச் சாப்பிடுவீர்கள். அதே பிள்ளை மறுநாள் மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்பான், ஏனென்றால் அவனுக்கு அது காலை ஏழு, பள்ளிக்குக் கிளம்பும் நேரமே தாண்டிவிட்டது. சிங்கப்பூரிலிருந்து மேற்கே போகிறவர்களுக்கு முதல் இரண்டு நாள் இப்படித்தான் இருக்கும், இதை ஏன் வீணாக்குவானேன்? டிசம்பரில் அங்கே சூரியன் ஏழு மணிவாக்கில்தான் உதிக்கிறது. ஐந்து, ஐந்தரைக்கு ஹோட்டல் வாசலில் வந்து ஏற்றிக்கொள்வார்கள். யாரையும் தட்டி எழுப்ப வேண்டியிருக்காது.

மாலைப் பயணத்தில் என்ன நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன், நான் இரண்டு முறை போயிருக்கிறேன். ஆறு மணி நேரம் என்பார்கள். அதில் போகவர இரண்டு மணி நேரம், நடுவில் தலைத்துணி விற்கும் ஒரு கடையில் நிறுத்தம், முகாமில் ஒட்டகத்துக்கு ஒரு வரிசை, மருதாணிக்கு ஒரு வரிசை, சாப்பாட்டுக்கு ஒரு வரிசை. மணல்மேட்டின்மேல் நீங்கள் இருக்கப்போவது அரை மணி நேரம், அதுவும் காருக்குள். முகாமில் சத்தமான பாட்டு. கடைத்தெருவைக் கொண்டுபோய் மணலில் வைத்த மாதிரி இருக்கும். பிடிக்கிறவர்களுக்குப் பிடிக்கட்டும், எனக்கு அதற்கு நம் தேக்கா கடைத்தெருவே போதும்.

அந்த அரை மணி நேரத்தின் பெயர்தான் டியூன் பேஷிங். மணலின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி நான்கு டயரிலும் காற்றைப் பாதிக்குப் பாதி இறக்குவார்கள். காற்று குறைந்த டயர் தட்டையாகி மணலில் அகலமாக உட்காரும், எடை பரவும், புதையாது. ஒட்டகத்தின் பாதம் அகலமாக இருப்பதும் இதற்குத்தான். பிறகு மேட்டில் ஏற்றி, உச்சியிலிருந்து பக்கவாட்டில் சறுக்கி, வளைத்து, மறுபடி ஏற்றி... வயிறு தொண்டைக்கு வரும். கர்ப்பிணிகள், முதுகு அல்லது கழுத்துப் பிரச்சினை உள்ளவர்கள், இதய நோயாளிகள் இதில் ஏறக்கூடாது என்று நிறுவனங்களே எழுதி வைத்திருக்கும். உங்கள் மகனின் வயதுக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதி வைத்திருக்கிறது, கேட்டுக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் நான்கு வயதில் ஏற்ற மாட்டேன்.

மாமியாரைப் பொறுத்தவரை ஒரு பழைய வருத்தம் எனக்கு இருக்கிறது. என் அம்மாவைக் கூட்டிப்போனபோது, வயதானவர் இருக்கிறார், மெதுவாகப் போகும் பாதையில் கொண்டுபோங்கள் என்று தொலைபேசியில் சொன்னேன், சரி சரி என்றார்கள். வந்து நின்றது வேறு குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ளும் வண்டி. அந்தப் பிள்ளைகளுக்கு வேகம் வேண்டும், ஓட்டுநர் என்ன செய்வார் பாவம். அம்மா கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே வந்தார், இறங்கியபின் இரவு முழுவதும் என்னோடு பேசவில்லை. ஆகவே கூடுதலாகக் காசு போனாலும் தனி வண்டியாக எடுங்கள், ‘டியூன் பேஷிங் வேண்டாம்’ என்று குறுஞ்செய்தியில் எழுதி, அவர்களிடமிருந்து பதிலையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இன்னொரு வழி, துபாய் பாலைவனப் பாதுகாப்புப் பகுதி. 225 சதுர கிலோமீட்டர், நம் தீவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அனுமதி பெற்ற சில நிறுவனங்கள்தான் உள்ளே போகலாம். விலங்கு பார்க்கும் பயணம் என்று கேட்டால் நிதானமாக ஓட்டுவார்கள். நீண்ட நேரான கொம்புள்ள வெள்ளை மான் மாதிரி ஒரு விலங்கு, அரேபிய ஓரிக்ஸ், அதைப் பார்க்கலாம். 1970களில் காட்டில் ஒன்றுகூட இல்லாமல் அழிந்துபோய், விலங்குக் காட்சிசாலைகளில் மிஞ்சியவற்றை வைத்துத் திரும்பக் கொண்டுவந்தவை. மாமியாரும் மகளும் சன்னல் வழியாகவே பார்த்துவிடலாம்.

எந்தப் பயணமாக இருந்தாலும் ஒன்றை மட்டும் விடாதீர்கள்: வண்டியை அணைத்துவிட்டு முக்கால் மணி நேரம் நடக்க விடச்சொல்லுங்கள். முன்கூட்டியே சொன்னால் ஒத்துக்கொள்வார்கள். மணல்மேட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. காற்று அடிக்கும் பக்கம் சரிவு குறைவு, மணல் இறுகியிருக்கும், அதில்தான் ஏறவேண்டும். மறுபக்கம் காற்று கொண்டுவந்து கொட்டிய உதிரி மணல், 33, 34 டிகிரிக்குமேல் நிற்காது, தானாகச் சரியும். தெரியாமல் அந்தப் பக்கம் ஏறினால் இரண்டு அடி வைத்து ஒரு அடி கீழே வருவீர்கள். பிள்ளைகள் உட்கார்ந்து சறுக்குவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

காலையில் போனால் கிடைக்கும் இன்னொரு பரிசு தடங்கள். இரவுக் காற்று முந்தின நாள் டயர்த் தடங்களை மூடி மணலைப் புதுத் தாள் மாதிரி வைத்திருக்கும், அதன்மேல் வண்டு போன கோடு, பல்லியின் வால் இழுத்த கோடு, சில நேரம் நரியின் கால். நல்ல வழிகாட்டி கிடைத்தால் எது எங்கே போய் எதைப் பிடித்தது என்று கதையாகவே சொல்வார். மாலையில் அதே இடம் டயர்த் தடமாகக் கிடக்கும்.

அப்புறம் மாமியாரிடம் ஒரு மரத்தைக் காட்டுங்கள். மணலுக்கு நடுவே தனியாக, தொங்கும் கிளைகளோடு நிற்கும், அங்கே அதை காஃப் என்பார்கள், ஐக்கிய அரபு சிற்றரசுகளின் தேசிய மரம். வேறொன்றும் இல்லை, நம்முடைய வன்னி மரம்தான். விருத்தாசலம் கோயிலின் தலமரம், விஜயதசமிக்கு அம்பு போடுவார்களே அதே மரம். ஊரில் குளத்தையெல்லாம் பிடித்துக்கொண்ட சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய உறவும்கூட, ஆனால் குணம் வேறு. வேரை மிக ஆழத்துக்கு இறக்கி நீரை எடுத்துக்கொள்ளும். என் அம்மா என்னோடு திரும்பப் பேச ஆரம்பித்ததே இந்த மரத்தைப் பார்த்த பிறகுதான், கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கேள்வி: எங்களுக்கு ஜூன் விடுமுறையில்தான் லீவு கிடைக்கும். விலையும் அப்போது மலிவு. போகலாமா?
– பொங்கோல் வாசகர்

ஏன் மலிவு என்று யோசியுங்கள். ஜூனில் பகலில் 40 டிகிரியைத் தாண்டும், வெயிலில் கிடக்கும் மணல் 60க்கும் மேல் கொதிக்கும். நமக்கு வெயில் புதிதில்லை என்று நினைப்போம், ஆனால் இங்கே வியர்த்தால் சட்டை நனைகிறது, அதைப் பார்த்துத் தண்ணீர் குடிக்கிறோம். பாலைவனத்து வறண்ட காற்றில் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், உடம்பில் நீர் குறைவது தெரியாமலே தலை சுற்றும். பிள்ளைகளோடு வேண்டாம். ஜூனில் துபாயில் கடைத்தொகுதி பாருங்கள்.

கேள்வி: அக்கா, நான் ஜூரோங்கில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம். துபாய்க்கெல்லாம் வசதி இல்லை. பக்கத்தில் எங்காவது மணல்மேடு உண்டா?
– ஜூரோங் வாசகர்

வியட்நாமில் முய் நே இருக்கிறது, தம்பி. ஹோ சி மின் நகருக்கு விமானம் இரண்டு மணி நேரம்தான், அங்கிருந்து சாலையில் சுமார் 200 கிலோமீட்டர். ஊரை ஒட்டிச் செம்மணல் மேடு, கொஞ்சம் தள்ளி வெண்மணல் மேடு, வெண்மணல் பக்கத்தில் தாமரை பூக்கும் ஏரி. கடற்காற்று குவித்த மணல், உண்மையான பாலைவனம் இல்லை, ஆனால் அதிகாலையில் ஜீப்பில் கூட்டிப்போய் மேட்டில் இறக்கிவிடுவார்கள், அரை நாள் போதும். இந்தியக் கடப்பிதழ் என்றால் முன்பே இணைய விசா எடுத்துவிடுங்கள்.

ஆனால் திருநெல்வேலிக்காரர் என்னைக் கேட்கலாமா இந்தக் கேள்வியை? திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் தேரிக்காடு உங்களுடையதுதானே. பனையும் முந்திரியும் நிற்கும் அந்தச் சிவப்பு மணல் மேடுகளும் காற்று கொண்டுவந்து சேர்த்தவைதான். துபாய் லஹ்பாப் மேடுகள் சிவப்பாக இருப்பதற்கு என்ன காரணமோ அதேதான் அங்கேயும், ஒவ்வொரு மணலின்மேலும் இரும்புத் துருப் பூச்சு. தேரிக்கு நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் சுனைத் தண்ணீர் இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உள்ளூர் ஆள் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு விடியும்போது போங்கள். தனியாக உள்ளே போகாதீர்கள், எல்லா மேடும் ஒரே மாதிரி இருக்கும்.

கேள்வி: மகன் தேசிய சேவை முடித்துவிட்டான், நானே ஓட்டுவேன் என்கிறான்.
– அங் மோ கியோ வாசகி

நான்கு சக்கர பைக்கை, வேலி போட்ட இடத்தில், தலைக்கவசத்தோடு ஓட்டட்டும். வாடகைக் காரை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏற விடாதீர்கள். உச்சிக்குப் போகும்வரை அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது, வேகமாகப் போனால் பறந்து விழும், மெதுவாகப் போனால் உச்சியிலேயே வயிறு தட்டி நிற்கும். அபுதாபியின் லிவா பக்கம் மொரீப் என்று ஒரு மேடு உண்டு, சுமார் 300 மீட்டர் என்பார்கள், நம் புக்கிட் தீமா 163தான். அதைப் படத்தில் காட்டுங்கள், கொஞ்சம் அடங்குவான்.

கேள்வி: சிங்கப்பூர் கடலை நிரப்ப வெளிநாட்டிலிருந்து மணல் வாங்குகிறதே, இவ்வளவு பாலைவன மணல் சும்மா கிடக்கிறதே, அதை வாங்கினால் என்ன? பிள்ளை கேட்கிறாள், பதில் தெரியவில்லை.
– உட்லண்ட்ஸ் வாசகர்

கெட்டிக்காரப் பிள்ளை. சுதந்திரம் வந்தபோது சுமார் 580 சதுர கிலோமீட்டர் இருந்த தீவு இன்று 730ஐத் தாண்டியிருக்கிறது என்றால் எவ்வளவு மணல் என்று பாருங்கள். 2007ல் இந்தோனேசியா நிலமணல் ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்கே கான்கிரீட் விலை ஏறியது. ஆனால் பாலைவன மணல் உதவாது. காற்றில் உருண்டு உருண்டு ஒன்றோடொன்று மோதி, மூலையெல்லாம் தேய்ந்து, கோலி மாதிரி வழுவழுப்பாக, ஒரே அளவில் பொடியாக இருக்கும், சிமென்ட்டில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. ஆற்று மணலுக்கு முனை இருக்கும், பிடிக்கும். துபாய்க்காரர்களே 2001ல் பாம் ஜுமேரா தீவைக் கட்ட ஆரம்பித்தபோது முதுகுக்குப் பின்னால் இருந்த பாலைவனத்தை விட்டுவிட்டுக் கடலடி மணலைத்தான் தோண்டி எடுத்தார்கள்.

கேள்வி: சேலையில் ஒட்டகம் ஏறலாமா? கைப்பேசி கெட்டுப்போகுமா?
– சிராங்கூன் வாசகி

இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரவேண்டும், ஆகவே சுடிதார் நல்லது. டிசம்பர் விடியலில் குளிரும், ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை ஜிப் பையில் போட்டு வைத்து, படம் எடுக்க மட்டும் வெளியே எடுங்கள், சார்ஜ் போடும் துளையில் மணல் போனால் தொல்லை. ஒட்டகம் முதலில் பின்னங்காலைத்தான் தூக்கும், நீங்கள் முன்னால் கவிழப் பார்ப்பீர்கள், பின்னால் சாயுங்கள். உட்காரும்போது முன்னங்கால் முதலில் மடியும், அப்போதும் பின்னால்தான் சாயவேண்டும். அந்த இரண்டு நேரமும் செல்ஃபி வேண்டாம், என் கணவரின் மூக்குக் கண்ணாடி இன்னும் லஹ்பாபில்தான் கிடக்கிறது.