கண்ணாடிக் கூட்டில் இருந்த ரசீது

அன்புள்ள மேடம்,

எனக்கு 67 வயது, மனைவிக்கு 62. இருவருமே வேலைக்குப் போனவர்கள்தான், ஆனால் கல்யாணமான நாளிலிருந்து வரவு செலவெல்லாம் நான்தான் பார்க்கிறேன், இன்றைக்கும் நோட்டில் எழுதுகிறேன். அவள் சம்பளத்தை அப்படியே கொடுத்துவிடுவாள், தேவைக்குக் கேட்டு வாங்கிக்கொள்வாள். ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. போன வருடம் அவளும் ஓய்வு பெற்றாள். மொத்தமாக வந்த பணத்தை டெபாசிட்டில் போடலாம் என்றேன். தன் பெயரில் தனிக் கணக்கிலேயே இருக்கட்டும் என்றுவிட்டாள். சரி என்று விட்டேன், ஆனாலும் உள்ளுக்குள் ஒரு மாதிரி இருந்தது.

போன வாரம் என்னுடையது என்று நினைத்து அவள் கண்ணாடிக் கூட்டைத் திறந்தால், உள்ளே நான்காக மடித்த ஒரு ரசீது. ஓவிய வகுப்புக்கு ஆறு மாதக் கட்டணம்! நூலகத்துக்கு என்று சொல்லி வாரம் இரண்டு நாள் கிளம்பிப் போனது அங்கேதான். தொகை பெரிதில்லை மேடம், ஆனால் இத்தனை வருடம் கழித்துப் பொய் சொல்கிறாளே. சம்பளம் வராத காலத்தில் இப்படிச் செலவு செய்தால் கடைசியில் என்ன மிஞ்சும்? இதை அவளிடம் எப்படி ஆரம்பிப்பது?

அன்புள்ள ஐயா,

பொய் சொன்னது தப்புதான், உங்களுக்கு வலிப்பதும் நியாயம். ஆனால் 'கேட்டு வாங்கிக்கொள்வாள்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. தான் சம்பாதித்த பணத்தையே கேட்டு வாங்கிப் பழகியவர், 'இந்த வயதில் ஓவியமா' என்ற ஒரு கேள்விக்குப் பயந்தே அந்த ரசீதை மடித்து வைத்திருக்கலாம். நீங்கள் அப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள் என்றால் சந்தோஷம். அது அவருக்குத் தெரியுமா? சண்டை வந்ததில்லை என்கிறீர்கள், ஒருவர் வாயே திறக்காவிட்டாலும் சண்டை வராது.

உங்கள் பயமும் புரிகிறது. சம்பளம் நின்ற பிறகு சேமிப்பிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு தொகையும் பறிபோவது போலத்தான் இருக்கும், நோட்டு எழுதுகிறவர்களுக்கு இன்னும் அதிகமாகவே. ஆனால் பூட்டி வைத்தாலும் பணம் அப்படியே இருக்காது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், கையில் சும்மா இருக்கும் பணத்தின் மதிப்பு சுமார் 12 வருடத்தில் பாதியாகிவிடும். கவலைப்படுவதென்றால் அதற்கும் மருத்துவச் செலவுக்கும் கவலைப்படுங்கள், ஓவிய வகுப்பை விட்டுவிடுங்கள். மாதம் எவ்வளவு ஆகிறது, அது எதிலிருந்து வருகிறது, திடீரென்று ஆஸ்பத்திரி என்றால் முதலில் எந்தப் பணத்தைத் தொடுவது, இதையெல்லாம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அது போக ஆளுக்கு ஒரு தொகை, அதற்கு யாரும் யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டாம். உங்களுக்கும்தான்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. நாளைக்கு நீங்கள் பத்து நாள் படுத்துவிட்டால், எந்த வங்கியில் என்ன இருக்கிறது, காப்பீட்டுப் பத்திரம் எந்த அலமாரியில் என்று அவருக்குத் தெரியுமா? பொதுவாகப் பெண்கள்தான் அதிக காலம் வாழ்கிறார்கள், உங்கள் மனைவி உங்களைவிட ஐந்து வயது சின்னவர் வேறு. ஒரு மாதம் அந்த நோட்டை அவர் கையில் கொடுங்கள், பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்காமல்.

எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள். ரசீதைப் பார்த்துவிட்டேன் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். தொகைதான் உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமே, அங்கே என்ன வரைகிறார் என்று கேளுங்கள்.