கிரேக்கம் வேண்டாம், சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்னைக் கோட்டையின் பழைய ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘கானிகாப்பலி’ என்றொரு சொல் அடிக்கடி வருகிறது. என்னிடம் உள்ள அகராதியில் இல்லை. மொனாப்பலி (monopoly) போல இதுவும் கிரேக்கத்திலிருந்து வந்ததா? ‘கணக்காளர்’ என்று எழுதிவிடுங்கள் என்கிறார் ஒரு நண்பர். எழுதலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

கிரேக்கம் வரை போக வேண்டாம். சத்தமாக நாலு தடவை சொல்லிப் பாருங்கள்: கணக்கப்பிள்ளை.

திருச்சிராப்பள்ளியை டிரிச்சினாப்பலி ஆக்கிய அதே காதுதான் இதையும் கேட்டிருக்கிறது. பள்ளியும் பிள்ளையும் அந்தக் காதுக்கு ஒன்று. எழுத்துக்கூட்டலும் ஆளுக்கொரு விதம். இந்தியாவில் ஆங்கிலேயர் வழங்கிய சொற்களை யூலும் பர்னெலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் இதற்குத் தனிப்பதிவே இருக்கிறது. அது இல்லாமல் இந்த வேலையில் இறங்கியது உங்கள் துணிச்சல்.

நண்பர் சொன்ன ‘கணக்காளர்’ மட்டும் வேண்டாம். நாற்காலியும் பேரேடும் கண்முன் வந்துவிடும். 1680 செப்டம்பரில் நடந்ததைக் கோட்டைக் குறிப்பு ஒன்றில் பாருங்கள். சென்னை நிலத்தின் எல்லையைச் சுற்றிவரக் கவர்னர் புறப்படுகிறார். கூடவே ஆலோசனை சபையினர், சிப்பாய்கள், பியூன்கள், துணி வெளுப்பவர்கள் மட்டும் 300 பேர், ஊர்க்காவல் தலைவரான பெத்தநாயக்கர். இத்தனை பேர் போனாலும் எல்லையைச் சொல்லத் தெரிந்தவர் கணக்கப்பிள்ளைதான். நிலங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் வேறு யாராலும் அறிய முடியாது, அதனால் ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையும் ஒரு பறையரும் இந்த வேலைக்கு உண்டு, அது தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் என்று அந்தக் குறிப்பே சொல்கிறது. துப்பாக்கி பிடித்தவர்கள் இந்த இருவரின் நினைவை நம்பி வரப்பில் நடந்திருக்கிறார்கள்.

அந்த இருவரில் கணக்கப்பிள்ளையை ஆங்கிலம் மறந்துவிட்டது. பறையர் என்ற பெயரையோ pariah ஆக்கி, ‘ஒதுக்கப்பட்டவன்’ என்று பொருள் மாற்றி இன்றும் வைத்திருக்கிறது. எல்லை தெரிந்தவர் என்று அதே ஆங்கிலேயர்கள்தான் எழுதிவைத்தார்கள். எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

கடற்கரைப் பக்கம் போனால் வேலை வேறு. ஆங்கிலேயருக்கு முன்பே 1540-களில் முத்துக்குளித்துறைப் பரதவர் ஊர்களில் பிரான்சிஸ் சவேரியார் வைத்த கணக்கப்பிள்ளைகள் ஜெபம் சொல்லிக்கொடுத்தார்கள், பிறப்பையும் திருமணத்தையும் எழுதிவைத்தார்கள். போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கியிருந்த 4000 பணத்தை இவர்களுடைய சம்பளத்துக்காகக் கேட்டு வாங்கினார் சவேரியார். (பணம் என்பது அப்போது ஒரு நாணயத்தின் பெயர்.) இந்தக் கணக்கப்பிள்ளையை உபதேசியார் என்றால்தான் இன்றைய வாசகருக்குப் புரியும். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை என்றால் மலையில் நின்று வேலை வாங்குபவர்.

ஆகவே கணக்கப்பிள்ளை என்றே எழுதுங்கள். அந்த இடத்தில் அவர் என்ன வேலை பார்த்தார் என்று அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள். ஒன்று கவனியுங்கள்: அந்த 1680 குறிப்பில் ஊர்க் கணக்கப்பிள்ளை வேறு, நிலக் கணக்கப்பிள்ளை வேறு. இருவரும் அடுத்தடுத்து வருகிறார்கள். அவசரத்தில் ஒருவராக்கிவிடாதீர்கள்.