வன்னித் தண்ணீரிலும் வெயிலிலும் செடிச் சாடி: பில்டர் இல்லாமல் மீன் வளர்ப்பது

கேள்வி: "கண்ணாடிச் சாடியில் மண் போட்டு, செடி நட்டு, பம்ப், பில்டர் எதுவும் இல்லாமல் மீன் வளர்க்கலாம் என்கிறார்கள். நான் வவுனியாவில் இருக்கிறேன். இரண்டு கிழமையில் தண்ணீர் பச்சையாகிறது, செடியும் அழுகுகிறது. என்ன செய்யலாம்?"

வளர்க்கலாம், நன்றாகவே வளர்க்கலாம். நான் இருப்பது கிளிநொச்சியில். எங்கள் விறாந்தையில் இப்படிச் சில சாடிகள் இருக்கின்றன, ஒன்றிலும் மோட்டர் கிடையாது, கரண்ட் போனாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. யூடியூப்பில் காட்டும் சாடிகளில் பெரும்பாலானவை குளிரான அறையில், உப்புக் குறைந்த தண்ணீரில் இருப்பவை. நமக்குக் கிடைப்பது கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற கிணற்றுத் தண்ணீர். சித்திரை பிறந்தால் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் 31, 32 பாகைக்கு ஏறிவிடும். இந்த இரண்டையும் முதலில் கணக்கில் எடுத்துவிட்டுத்தான் செடியையும் மீனையும் தெரிவு செய்ய வேண்டும்.

இந்த முறையைப் பரவலாக்கியவர் டயானா வால்ஸ்டாட் என்ற அமெரிக்கப் பெண்மணி. மீனின் கழிவும் மிஞ்சிய சாப்பாடும் அழுகும்போது அமோனியா வரும். அது மீனுக்கு நஞ்சு, செடிக்கு உணவு. செடி எடுத்ததுபோக மிஞ்சுவதை மண்ணிலும் மணலிலும் வாழும் பாக்டீரியா முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். மண் மெதுவாக உக்கும்போது வெளிவரும் காபனீரொட்சைட்டைச் செடி எடுத்துக்கொண்டு ஒட்சிசனைத் தரும். ஆகவே பில்டரின் வேலையைச் செய்வது செடியும் மண்ணும்தான். செடி குறைவாக இருந்தால் அந்த அமோனியாவும் வெளிச்சமும் பச்சைப் பாசிக்குப் போய்விடும். உங்கள் தண்ணீர் பச்சையாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சாடி குறைந்தது 8 லீற்றர் கொள்ளட்டும். வாய் குறுகிய உருண்டைச் சாடி என்றால் வயிறு அகன்ற இடம் வரைதான் தண்ணீர் விட வேண்டும். கழுத்து வரை நிரப்பினால் காற்றுப் படும் பரப்புச் சுருங்கிவிடும். 25 பாகைத் தண்ணீர் லீற்றருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும், 35 பாகையில் அது 7க்கு வந்துவிடும். சூடு கூடக் கூட மீனுக்கு ஒட்சிசன் அதிகம் தேவைப்படும், தண்ணீரிலோ குறைந்துகொண்டே போகும். நம் பக்கத்தில் அகன்ற வாய் உள்ள பாத்திரத்துக்கே என் வாக்கு.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதி வேலை அதில்தான் முடிகிறது. வயலில் இருந்து மண் எடுக்க வேண்டாம். யூரியாவும் களைகொல்லியும் பூச்சிநாசினியும் போகம் போகமாக விழுந்த மண் அது. யூரியா தண்ணீரில் அமோனியாவாகிவிடும், பூச்சிநாசினி துளி இருந்தாலே இறால் செத்துப்போகும். மாட்டெரு கலந்த பூச்சாடி மண்ணும் சரிவராது. வளவில் பல காலமாக உரம் படாத மரத்தடியில் மேல் மண்ணை எடுங்கள். களியும் மணலும் கலந்த இருவாட்டி மண் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. அரிதட்டில் அரித்து வேர், சருகு, கல்லை நீக்கிவிட்டு, வாளியில் ஊறவைத்து மிதப்பதை வடித்து, வெயிலில் காயவையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை நனைத்துக் காயவைத்தால் உக்க வேண்டியதில் பெரும்பகுதி வெளியிலேயே உக்கிவிடும், சாடிக்குள் நாற்றமும் கலங்கலும் குறையும். "சேத்தைக் கழுவிக் காயவைக்கிற ஆளை இப்பதான் காணுறன் தம்பி" என்று பக்கத்து வீட்டு அன்ரி சிரிப்பார். இப்போது அவர் வீட்டு யன்னலிலும் ஒரு சாடி இருக்கிறது.

அந்த மண்ணை 2 சென்ரிமீற்றர் பரப்பி, அதன்மேல் 2 முதல் 3 சென்ரிமீற்றர் மணல் போடுங்கள். மணல் மாவாக இருக்கக் கூடாது, அரிசிக் குறுணல் பருமன் வேண்டும். மாமணல் இறுகி மண்ணுக்கு மூச்சுவிடாமல் பண்ணிவிடும். ஆற்று மணலைக் கழுவுகிற தண்ணீர் தெளிகிற வரை கழுவுங்கள். முல்லைத்தீவுக் கடற்கரை மணல் பார்க்க அழகுதான், ஆனால் அதில் உப்பும் சிப்பித் தூளும் இருக்கும், ஏற்கெனவே கடினமான, அதாவது சுண்ணாம்பு கூடிய, நம் தண்ணீரை அது இன்னும் கடினமாக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு பிடி மணலில் வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, வேண்டாம். கல் வைப்பதற்கும் இதே சோதனைதான்.

மண்ணையும் மணலையும் முதலில் ஈரமாக்கிச் செடியை நட்டுவிட்டு, மேலே ஒரு துண்டு வாழையிலையை விரித்து அதன்மேல் மெல்லத் தண்ணீரை ஊற்றுங்கள். இலை மிதந்து மேலே வர வர ஊற்றிக்கொண்டே போகலாம், மண் கிளம்பாது.

இனிச் செடி. முதல் நாளே சாடியின் அடியில் முக்கால்வாசி செடியால் மூடியிருக்க வேண்டும். நாலு கன்றை நட்டுவிட்டு வளரட்டும் என்று பார்த்திருந்தால் பாசிதான் முந்தும். செடி வளரத் தேவையான காபன் நம் தண்ணீரில் பெரும்பாலும் பைகாபனேற்று என்ற கரைந்த உப்பாகத்தான் இருக்கும், அதை எல்லாச் செடியாலும் எடுக்க முடியாது. ஹைட்ரில்லா, வலிஸ்னேரியா, ஹார்ன்வோர்ட் மூன்றும் எடுக்கும். குளத்தில் குளிக்கும்போது காலில் சிக்குகிற, பாசி என்று நாம் சொல்லும் செடிகள் இந்த வகைதான். கடைக்காரர் காட்டும் சிவப்பு இலைச் செடிகளை முதல் சாடிக்கு வாங்க வேண்டாம் என்பேன்.

ஹைட்ரில்லாவைப் பிற்பகலில் கிட்ட இருந்து பாருங்கள். வெளிச்சம் சில மணி நேரம் விழுந்த பிறகு ஒவ்வொரு இலைக் கணுவிலும் ஊசிமுனை அளவில் குமிழ் வரும், பருக்கும், கழன்று நேர்கோட்டில் மேலே ஏறும், அதே இடத்தில் அடுத்தது தொடங்கும். தண்டு ஒடிந்த இடத்தில் இருந்து விடாமல் ஒரு சரமாகவே வரும். அது தண்ணீரில் இனிக் கரைய இடமில்லாமல் வெளிவரும் ஒட்சிசன். அதைக் கண்டுவிட்டால் சாடி வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று நம்பலாம்.

குளத்தில் இருந்து செடி எடுத்தால் நேரே சாடிக்குள் போடாதீர்கள். ஒரு கிழமை வாளியில் வைத்து அட்டையும் தும்பிப் புழுவும் இருக்கிறதா என்று பாருங்கள். தும்பிப் புழு சின்ன மீனையே பிடித்துத் தின்னும். சின்ன நத்தை வந்தால் இருக்கட்டும், கண்ணாடியில் படியும் பாசியையும் அழுகிய இலையையும் அது தின்னும். குளத்துப் பெரிய நத்தையை மட்டும் விடாதீர்கள், அது நல்ல செடியையே மேய்ந்துவிடும்.

கிரிப்டோகோரைன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உலகம் முழுக்க மீன் தொட்டிகளில் இருக்கும் கிரிப்டோகோரைன் வென்ட்டி நம் இலங்கைக்கே உரிய செடி. வேகமாக வளராது, குறைந்த வெளிச்சம் போதும், கடினமான தண்ணீரையும் பொறுக்கும். இடம் மாற்றினால் அதன் இலை எல்லாம் கூழாகிக் கரையும். உங்கள் செடி "அழுகியது" இதுவாக இருந்தால் வேரைப் பிடுங்கி எறியாதீர்கள். கரைந்த இலையை மட்டும் எடுத்துவிட்டுப் பேசாமல் விட்டால் சில கிழமையில் அடியில் இருந்து புதிய இலை வரும். காட்டு ஓடைகளில் கிரிப்டோகோரைனின் சில இனங்கள் அருகிவருவதால், பண்ணையில் வளர்த்து விற்பதையே வாங்குங்கள்.

தண்ணீருக்கு மேலேயும் ஒன்று வேண்டும். மணி பிளான்ட் கொடி ஒன்றின் வேரை மட்டும் தண்ணீரில் விடுங்கள், அல்லது கறிக்கு வாங்கும் கங்குங் கீரையில் இரண்டு தண்டைச் சாடி விளிம்பில் சாய்த்து வையுங்கள். இலை காற்றில் இருப்பதால் காபனீரொட்சைட்டுக்குப் பஞ்சமில்லை, வேர் நைட்ரேட்டை உறிஞ்சித் தள்ளும். கங்குங் வளரும் வேகத்துக்கு அடிக்கடி நுனியைக் கிள்ளிவிட வேண்டும்.

மேற்குப் பார்த்த யன்னலில் சாடியை வைக்கவே கூடாது. நேர் வெயில் பட்டால் ஒரு பின்னேரத்திலேயே தண்ணீர் மீன் தாங்காத அளவுக்குச் சூடாகிவிடும். காலை வெளிச்சம் பரவலாக வரும் இடம் போதும். லைட் போடுவதென்றால் பகல் வெளிச்சம் தரும் 7 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று, காலையில் நாலு மணி நேரம், நடுவில் நாலு மணி நேரம் அணைத்து, பிறகு மறுபடி நாலு மணி நேரம். நடுவில் அணைக்கும் நேரத்தில் காபனீரொட்சைட்டு மீண்டும் சேரும், செடிக்கு அது உதவும்.

முதல் மாதம் மீன் விட வேண்டாம். முதல் இரண்டு கிழமையும் ஒன்றுவிட்ட ஒரு நாள் பாதித் தண்ணீரை மாற்றுங்கள், பிறகு கிழமைக்கு ஒரு தடவை. சேலைன் குழாய் ஒரு துண்டு இருந்தால் மண் கிளம்பாமல் இழுத்து எடுக்கலாம். குழாய்த் தண்ணீர் என்றால் வாய் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்துக் குளோரீன் போன பிறகுதான் ஊற்ற வேண்டும். மணலுக்குள் ஈர்க்கால் அங்கங்கே குத்திவிடுங்கள், அடைபட்ட வாயு குமிழாக வெளியேறும். அழுகிய முட்டை மணம் வந்தால் இன்னும் கொஞ்சம் அடிக்கடி குத்த வேண்டும். சோதனைக் கருவி இல்லாதவர்களுக்கு நத்தைதான் சோதனைக் கருவி. எல்லாம் ஒன்றாகத் தண்ணீரை விட்டு மேலே ஏறி நின்றால் தண்ணீர் சரியில்லை, உடனே பாதியை மாற்றுங்கள்.

பத்து லீற்றர் சாடிக்கு ஆண் கப்பி மூன்று, அல்லது பைட்டர் ஒன்றே ஒன்று. கப்பிக்குக் கடினமான தண்ணீர் பிடிக்கும், அதனால் நம் கிணற்றுக்கு அதுதான் பொருத்தம். பெண்ணையும் சேர்த்து விட்டால் மாதம் ஒரு முறை குஞ்சு போடும், சாடி தாங்காது. கோல்ட் பிஷ் சாடிக்குரிய மீனே இல்லை. "டேங்க் கிளீனர்" என்று விற்கும் மீன் ஒரு அடிக்கு மேல் வளரும். சாப்பாடு நாளுக்கு ஒரு சிட்டிகை, ஒரு நிமிடத்தில் தின்று முடிகிற அளவு, கிழமையில் ஒரு நாள் ஒன்றும் போடாமல் விடலாம்.

மீன் விடாமல் செடி மட்டும் வைப்பதென்றால் நுளம்பை மறக்க வேண்டாம். டெங்கு நுளம்பு முட்டையில் இருந்து வளர்ந்து பறக்கப் பத்து நாள் போதும். சுகாதாரப் பரிசோதகர் வந்து குடம்பியைக் கண்டால் வழக்கு வரை போகலாம். இரண்டு கப்பி இருந்தால் குடம்பி மிஞ்சாது, இல்லையென்றால் வாயை நுளம்பு வலையால் கட்டுங்கள்.

சோளகக் காற்று வீசத் தொடங்கிவிட்டால் சாடியில் தண்ணீர் கண் முன்னாலேயே இறங்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பும் சுண்ணாம்பும் உள்ளேயே நிற்கும். குறைந்ததைக் கிணற்றுத் தண்ணீராலேயே நிரப்பிக்கொண்டு போனால் மாதக் கணக்கில் அது ஏறி, கண்ணாடியில் வெள்ளைக் கோடு விழும், செடியின் வளர்ச்சியும் நின்றுவிடும். வெறும் குறைவை நிரப்புவதற்கு மழைத் தண்ணீர், அது இல்லாவிட்டால் ஆர்.ஓ. தண்ணீர் (உப்பை வடிகட்டி நீக்கிய தண்ணீர்) ஊற்றுங்கள். வவுனியாவில் குடிக்க ஆர்.ஓ. தண்ணீர் வாங்குகிறவர்கள் பலர், சாடிக்கு அதில் ஒரு போத்தல் போதும். மாரியில் ஓட்டுக் கூரையில் இருந்து முதல் மழை கழுவிப்போன பிறகு பிடித்து, மூடிய பரலில் வைத்தால் கோடைக்கும் வரும். புதுத் தகரக் கூரையில் பிடித்தால் அதில் நாகம் கரைந்திருக்கும், இறாலுக்கும் நத்தைக்கும் ஆகாது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நல்ல காலம் ஐப்பசி, கார்த்திகைதான். கிணற்றுத் தண்ணீர் பாதி, மழைத் தண்ணீர் பாதியாகத் தொடங்கலாம், சூடும் குறைவு.

இப்போது உங்கள் கையில் இருக்கும் பச்சைச் சாடி. முழுவதையும் கொட்டிக் கழுவாதீர்கள், அப்படிச் செய்தால் பாக்டீரியாவும் போய், எல்லாம் முதலில் இருந்து தொடங்கும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிவிட்டு, கைநிறைய ஹார்ன்வோர்ட்டைச் சும்மா மிதக்க விடுங்கள். சாடியைச் சுற்றி மூன்று நாள் தடித்த துணியைக் கட்டி வையுங்கள், மேலே காற்றுப் போக வழி இருக்கட்டும். மீன் இருந்தால் அந்த நாட்களில் சாப்பாடு வேண்டாம். துணியை அவிழ்த்த பிறகு இன்னொரு பாதித் தண்ணீர் மாற்றி, வெளிச்சத்தை ஆறு மணி நேரத்துக்குக் குறையுங்கள். மண் வயலில் இருந்து எடுத்ததென்றால் மட்டும் வேறு வழியில்லை, பிரித்து மண்ணை மாற்றத்தான் வேண்டும்.

செடி பிடித்த பிறகு மாதம் ஒரு முறை கத்தரித்துத்தான் ஆக வேண்டும். வெட்டியதையோ வேண்டாத மீனையோ குளத்திலும் வாய்க்காலிலும் போடாதீர்கள். 1939இல் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா என்ற மிதக்கும் செடி இன்று எத்தனை குளங்களை மூடிக் கிடக்கிறது என்று நமக்குத் தெரியும், டேங்க் கிளீனரும் இப்போது நம் நாட்டு நீர்நிலைகளில் பெருகிவிட்டது. இரணைமடுவிலும் வவுனிக்குளத்திலும் வலை போட்டுச் சீவிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. வெட்டிய செடியை வெயிலில் நன்றாகக் காயவைத்து மிளகாய்க் கன்றுக்கோ வாழைக்கோ அடியில் போடுங்கள், சாடியில் மாற்றும் தண்ணீரையும் அதற்கே ஊற்றலாம்.