பியானோவும் கழித்தல் கணக்கும்

அன்புள்ள ஐயா,

கோவையில் வீட்டிலேயே சில பிள்ளைகளுக்குப் பியானோ ஆரம்பப் பாடம் எடுக்கிறேன். என் 7 வயது மகளும் அவர்களோடு கற்கிறாள். பள்ளிப் பாடம் என்றாலே முகம் சுருங்குபவள், பியானோ முன்னால் அரை மணி நேரம் அசையாமல் உட்காருகிறாள். பள்ளியை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் நானே சொல்லிக்கொடுத்தால் என்ன? வீட்டில் பெரியவர்கள் கூடவே கூடாது என்கிறார்கள்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்களால் முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் பியானோ நன்றாகப் போகிறது என்பதற்காகக் கணக்கும் அப்படியே போகும் என்று நம்பிவிடாதீர்கள்.

மகள் வலதுகைக் கட்டைவிரலை மிடில் சி-யில், அதாவது பியானோவின் நடுவே உள்ள ‘சி’ சுரக் கட்டையில் வைத்து, மற்ற விரல்களை அடுத்தடுத்த வெள்ளைக் கட்டைகளில் வைத்துத் தெரிந்த மெட்டு ஒன்றை வாசிக்கிறாள். நான்காம் விரலான மோதிர விரல் மக்கர் செய்யும். அதன் தசைநாண் பக்கத்து விரல்களோடு பிணைந்திருப்பதால் தனியாக எழும்பாது. எஃப் சுரம் வரவேண்டிய இடத்தில் அடுத்த சுரமான ஜி ஒலிக்கிறது. நீங்கள் வாயைத் திறப்பதற்குள் அவளே முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி வாசித்துவிடுவாள். அவளைத் திருத்தியது அவள் காது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள், அவ்வளவுதான்.

கழித்தலில் இந்த வசதி இல்லை. 52-இல் 27 போனால் 35 என்று எழுதுவாள். ஏழில் இரண்டைக் கழிப்பது சுலபமாயிற்றே! அந்த 35 எந்தச் சத்தமும் போடாது. தப்பு என்று நீங்கள்தான் சொல்லியாக வேண்டும். நாள் முழுக்க அம்மா வாயிலிருந்தே ‘தப்பு’ வந்தால், பள்ளியைப் பார்த்துச் சுருங்கிய முகம் உங்களைப் பார்த்தும் சுருங்கும். அப்புறம் பியானோ பக்கமும் வரமாட்டாள். என் கவலையெல்லாம் இதுதான்.

அதனால் மற்றப் பாடங்களிலும் தப்பை அவளே கண்டுபிடிக்க வழி செய்யுங்கள். 52 புளியங்கொட்டையை எண்ணி வைத்து 27-ஐ எடுக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் பழகியதும், வந்த விடையோடு 27-ஐக் கூட்டிப் பார்க்கட்டும். 62 வந்தால் அவளுக்கே உறைக்கும். தமிழ் வாசிப்பதைப் போனில் பதிவு செய்து, புத்தகத்தைப் பார்த்தபடி திரும்பக் கேட்கட்டும். இப்படிப் பாடத்தைத் தயாரிக்கத்தான் உங்கள் நேரமெல்லாம் போகும். கற்பிக்கும் நேரம் சொற்பம்தான்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை ஏதும் இல்லை. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் பலர் பின்னால் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதுகிறார்கள். அதற்கு 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களிடம் இதையும் எடுத்துச் சொல்லுங்கள், பாதி பயம் போகும்.

வரும் கோடை விடுமுறை முழுக்கக் கணக்கையும் தமிழையும் மட்டும் இப்படி நடத்திப் பாருங்கள். பியானோ நேரத்தைக் குறைக்காதீர்கள். மாலையில் வரும் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்தே அவள் கற்கட்டும், தோழமைக்கு அது வேண்டும். ஜூனில் பள்ளி திறக்கும்போது அவள் என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள். அதுவரை டி.சி. வாங்க வேண்டாம்.