அலமாரியில் கிடந்த காயில்

அன்புள்ள ஐயா,

வியாசர்பாடியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். சென்ற மே மாதம் எபாக்சிப் பிசின் ஊற்றி ஓவனில் இறுக வைத்த காயில் ஒன்று, ஆள் வராததால் அலமாரியிலேயே கிடந்தது. ஜனவரியில் மெகர் (மின்காப்பின் தடையை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால், இன்சுலேஷன் மதிப்பு முன்பைவிடக் கூடியிருக்கிறது. நம் ஊர் கடல்காற்றில் குறைந்திருக்க வேண்டாமா? பழசானால் பொருள் நன்றாகிவிடுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் வெயிலைக் கழித்துவிடுவோம். வெப்பம் 10 டிகிரி கூடினால் இன்சுலேஷன் மதிப்பு ஏறக்குறைய பாதியாகும் என்பது நம் தொழிலில் எல்லோரும் கொள்ளும் கணக்கு. ஆகவே மே மாத அளவையும் ஜனவரி அளவையும் அப்படியே ஒப்பிட முடியாது.

அதைக் கழித்த பிறகும் மதிப்பு கூடியிருந்தால், அதற்குப் பௌதிக மூப்பு ஒரு காரணமாக இருக்கலாம். சூட்டில் அசைந்துகொண்டிருந்த பாலிமர் சங்கிலிகள், கண்ணாடி நிலைக்கு (கண்ணாடி போல் விறைத்த நிலைக்கு) மாறும் வெப்பத்துக்குக் கீழே குளிரும்போது, நெருங்கி அமர நேரமில்லாமல் இடைவெளிகளோடு உறைந்துவிடுகின்றன. பின்பு அந்த இடைவெளிகள் மாதக்கணக்கில், மேலும் மேலும் மெதுவாக, சுருங்குகின்றன. சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி ரயிலில் திணித்து ஏறிய கூட்டம், யாரும் இறங்காமலே கொருக்குப்பேட்டை வருவதற்குள் இறுகி அமைந்துவிடும். அதன் பிறகு கடலை விற்பவர் நுழைய முடியாது. இங்கே கடலை விற்பவர், பிசினில் மிஞ்சிக் கிடக்கும் அயனிகள். அவை நகரத் திணறுவதால் கசிவு மின்னோட்டம் குறைகிறது. மூலக்கூறுகளின் சிறு ஊசலாட்டமும் அடங்குவதால், டான் டெல்டாவும் (மின்காப்பில் வீணாகும் ஆற்றலின் அளவு) பெரும்பாலும் இறங்குகிறது.

டச்சு ஆய்வாளர் ஸ்ட்ரூய்க் 1978இல் வெளியிட்ட நூல், 90 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்குச் சட்டென்று குளிர்வித்த கடின பிவிசி ஆயிரம் நாட்கள் வரை மாறிக்கொண்டே இருந்ததைக் காட்டியது. (மின்கம்பியின் மேலுறை வேறு கதை: மென்மையாக்கி கலந்த அந்தப் பிவிசி நம் அறை வெப்பத்தில் கண்ணாடி நிலையிலேயே இல்லை, அது விறைப்பது, மென்மையாக்கி வெளியேறுவதால்.)

எபாக்சி முழுதாக வேகாமல் இருந்து பிறகு மெல்ல இறுகியிருந்தாலும் இதே பலன் தெரியும். பிரித்தறிய, காயிலைக் கண்ணாடி வெப்பத்துக்குச் சற்று மேலே சூடாக்கி, முன்போலவே ஆறவிட்டு, அதே அறை வெப்பத்தில் அளந்து பாருங்கள். மதிப்பு பழைய நிலைக்கு இறங்கினால் அது பௌதிக மூப்பு; இறங்காவிட்டால் வேதி மாற்றம்.

மூப்படைந்த பிசின் உடையும் தன்மையும் கூடியது என்பதால், மெகர் எண்ணை மட்டும் வைத்து அதை நல்லது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தவிர, மோட்டார் ஓடி அந்தக் கண்ணாடி வெப்பத்தை ஒரு முறை தாண்டினாலே, அலமாரியில் சேர்ந்த அந்த ஆதாயம் கரைந்துவிடும்.